வட்ட மேசையும் வனவிலங்கும்

பகாங் மாநிலத்துக் கோலா தாஹானுக்கு ஆள் திரட்டும் சுற்றுலா விளம்பரங்களில் இரண்டு வரிகள் பெரும்பாலும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று, வழிகாட்டியுடன் வனவிலங்கு இரவு உலா. மற்றொன்று, ஒரே குடும்பம்போல் சூழ்ந்தமர்ந்து உண்ணும் கூட்டு விருந்து. இரண்டுக்கும் ஒரே கட்டணம், ஒரே சீட்டு. பள்ளி விடுமுறை தொடங்கியதும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் மொழிக் கழகங்களும் பேருந்து பேசிப் புறப்பட்டுவிடுகின்றன. மாணவர்க்கு இயற்கையறிவு ஊட்டவே செல்கிறோம் என்பது புறப்படுவோர் கூறும் காரணம். அந்தக் காரணம் பொய் என்பதே இக்கட்டுரையின் வாதம். பொய் என்னும் சொல் கடுமையாகப் படலாம். அதனினும் மெல்லிய சொல் இங்குப் பொருந்தவில்லை.

விருந்தின்மீது குற்றம் ஏதும் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். தெம்பெலிங் ஆற்றில் மிதவைகளின்மேல் கட்டப்பட்ட உணவகங்களில், நடுவே வைத்த தட்டுகளிலிருந்து பத்துப்பேர் எடுத்துண்பது நல்ல காட்சியே. ஆசிரியரும் மாணவரும் ஒரே கிண்ணத்திலிருந்து குழம்பு ஊற்றிக்கொள்ளும் வாய்ப்பு வகுப்பறையில் கிடைப்பதில்லை. மரக்கறி உண்போருக்குத் தனித்தட்டு வருகிறது. மற்றவர்க்கு, டுரியான் பழத்தைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்போயாக்கில் கொதித்த பாத்தின் மீன் வருகிறது. அந்த மீன் ஆற்றில் பிடித்ததா என்று கேட்டால், கூண்டில் வளர்த்தது என்று சமையற்காரர் மறைக்காமல் கூறிவிடுவார். பகாங் ஆற்றில் தானே திரியும் பாத்தின் அரிதாகிவிட்டதையும், தெமெர்லோ வட்டாரத்துக் கூண்டு வளர்ப்பே சந்தையை நிரப்புகிறது என்பதையும் உள்ளூரார் அனைவரும் அறிவர். ஆக, விருந்து தான் இன்னதென்று சொல்லிக்கொண்டே வருகிறது. இரவு உலாவோ அவ்வாறு சொல்வதில்லை.

தாமான் நெகாரா தேசியப் பூங்கா பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர் பரந்து கிடப்பது. யானையையும் காட்டெருமையையும் வேட்டையாடிப் பெயர்பெற்று, அவ்வேட்டையைப் பற்றி 1905-இல் நூலும் எழுதிய தியோடர் ஹப்பாக் என்பவரே பின்னாளில் மனம் மாறி, இக்காட்டைக் காக்க வேண்டுமென ஓயாது வாதாடினார். அதன் பயனாக 1938-39-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா என்னும் பெயரில் இது நிறுவப்பட்டது. விடுதலைக்குப் பின்னரே இன்றைய பெயர் வந்தது. சுற்றுலா விளம்பரத்தில் இக்காட்டின் படந்தான் அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் மாணவரை ஏற்றிய நான்கு சக்கர உந்து வண்டி இக்காட்டுக்குள் நுழைவதே இல்லை. கோலா தாஹான் பக்கம் உந்து வண்டி செல்லும் சாலை காட்டுக்குள் கிடையாது. பூங்கா ஆற்றுக்கு அக்கரையில் இருக்க, வண்டி இக்கரையில் புறப்பட்டுச் செம்பனைத் தோட்டங்களின் மண்சாலைகளில் சுற்றி வருகிறது. பின்தட்டில் பலகை இருக்கை, கூரைமேல் வழிகாட்டி, அவர் கையில் வீச்சு விளக்கு. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வரிசை வரிசையான செம்பனைகளுக்கிடையே அவ்விளக்கு ஓடுகிறது. எங்கேனும் இரண்டு கண்கள் மின்னினால் வண்டி நிற்கிறது.

தோட்டத்தில் விலங்கு இல்லையா என்று கேட்கலாம். உண்டு, அதுதான் இந்த உலாவில் கற்பிக்கத் தக்க ஒரே பாடம். அந்தோ, அதை மட்டும் எவரும் கற்பிப்பதில்லை! செம்பனைப் பழத்தைத் தின்ன எலி பெருகுகிறது. எலியைத் தின்ன வெருகு வருகிறது. பூனையளவே உடையதாய், உடலெங்கும் சிறுத்தையின் புள்ளி கொண்ட அந்த விலங்கு, பெருங்காட்டைவிட இந்தத் தோட்டத்தில் எளிதாகக் கண்ணில் படுவதற்குக் காரணம் எலியே. ஆந்தை வருவதும் அதனாலேயே. எலியை ஒழிக்க நஞ்சு வைப்பதற்கு மாற்றாக, மரப்பெட்டிகள் நட்டுக் கூகைகளைக் குடியமர்த்தும் முறை 1980-களிலிருந்தே மலேசியத் தோட்டங்களில் பரவிவந்திருக்கிறது. வீச்சு விளக்கில் சிக்கும் கூகையை, கூலியில்லாத தோட்டத் தொழிலாளி என்று சொன்னாலும் தவறாகாது. இதையெல்லாம் பத்து நிமிடம் விளக்கினால் ஓர் அறிவியல் பாடமே நடந்துவிடும். ஆனால் வண்டியில் எழும் ஒலி, 'அதோ! அதோ!' என்பதும் கைப்பேசி படமெடுக்கும் ஓசையுமே. தேவாங்கின் கண்மீது வெள்ளொளி வெகுநேரம் நிலைத்தால் அது தத்தளிக்கும். ஆகையால் செந்நிறத் தாள் மூடிய விளக்கே தக்கது என்பது இரவு விலங்குகளை ஆராய்வோர் கடைப்பிடிக்கும் நெறி. விருந்தை முடித்து ஏறிய கூட்டத்திற்கு அந்நெறி தெரியாது. தெரிந்தாலும் செந்நிற ஒளியில் படம் நன்றாக வராதே!

தமிழ் மாணவரைக் காசு வாங்கிக்கொண்டு செம்பனைத் தோட்டத்துக்கு அழைத்துச் செல்வதில் உள்ள நகைப்புக்குரிய முரணை ஆசிரியர்கள் உணர்ந்ததாகத் தெரியவில்லை. இந்நாட்டில் வாணிக முறையில் செம்பனை முதன்முதல் நடப்பட்டது 1917-இல், கோலசிலாங்கூரை அடுத்த தென்னமாரம் தோட்டத்தில். அன்று தொட்டு அம்மரத்தின் குலையைச் சுமந்த முதுகுகளில் மிகப்பல தமிழ் முதுகுகள். அதற்கும் முன்பிருந்தே பால்மரக் காட்டில், விடியுமுன் இருளில், விளக்கேந்தி நடந்தவர்கள் இம்மாணவரின் பாட்டனும் பாட்டியும். அவர்கள் எதிரே புலி வந்த கதைகள் ஒவ்வொரு தோட்டத்து லயத்திலும் உண்டு. அதற்கு வழிகாட்டியும் இல்லை, திரும்பியபின் வட்ட மேசையும் இல்லை. மூசாங் எந்த மரத்தில் ஏறும், எந்தப் பழத்தைத் தின்னும், கடமான் எந்த ஓடையில் இறங்கும் என்பதை அந்தப் பாட்டி அறிந்திருந்தாள். பேரன் அவளிடம் கேட்டதில்லை. கேட்கச் சொல்லி ஆசிரியரும் பணித்ததில்லை. பாட்டியின் அறிவு வீட்டு மூலையில் கிடக்க, பேரன் தோட்டத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்குகிறான்.

சொல்லறிவும் அப்படியே. தொல்காப்பிய மரபியல் விலங்கின் இளமைப் பெயர்களையும் ஆண்பாற் பெண்பாற் பெயர்களையும் எத்துணை நுணுக்கமாக வகுத்திருக்கிறது என்பதைத் தமிழாசிரியர் அறியாதவரல்லர். வெருகையும் எலியையும் ஒரே நூற்பாவில் வைத்து, அவற்றின் இளமைக்குக் குட்டி என்னும் பெயரை உரிமையாக்கியது அந்நூல். செம்பனைத் தோட்டத்தில் ஒன்றையொன்று துரத்தும் அதே இணை! வகுப்பில் நூற்பாவை விளக்கிய ஆசிரியர், வண்டியில் அந்த விலங்கை நேரே கண்டபோது, 'ஏதோ காட்டுப்பூனை' என்று சொல்லி அமர்ந்துவிடுகிறார். குறிஞ்சிக்குக் கருப்பொருள் புலி, கரடி, யானை என்று தேர்வில் எழுதும் மாணவர், கரடிக்கு எண்கு என்றும், முள்ளம்பன்றிக்கு முளவுமா என்றும், காட்டுமாட்டுக்கு ஆமா என்றும் பழந்தமிழர் பெயரிட்டதை எங்கே பொருத்திப் பார்ப்பது? பழந்தமிழ் நூல்கள் அறியாத விலங்கும் இம்மண்ணில் உண்டு. முன்பாதி கறுப்பும் நடுவுடல் வெண்மையும் கொண்ட தெனுக் அத்தகையது. மலாய்ச் சொல்லை அப்படியே எடுத்தாள்வதா, புதுச்சொல் ஆக்குவதா என்று மாணவரை வாதிடச் செய்தால், அந்த ஒரு வாதம் ஓர் இலக்கண வகுப்புக்கு ஈடாகும்.

இவற்றுக்கெல்லாம் மேலான கேடு, திரும்பி வந்தபின் எழுதப்படும் கட்டுரையில் இருக்கிறது. 'நான் சென்ற கல்விச் சுற்றுலா' என்னும் தலைப்புக்கு அச்சான மாதிரிக் கட்டுரை ஒன்று எல்லாப் பயிற்சி நூல்களிலும் கிடைக்கும். அதில் அடர்ந்த காடு இருக்கும். சலசலக்கும் அருவி இருக்கும். புலியின் உறுமல் தொலைவில் கேட்கும். செம்பனை மட்டும் இருக்காது. மாணவர் கண்டது இரண்டு வெருகும் ஓர் ஆந்தையும் தாயைப் பிரிந்த கன்றுகாலியும். எழுதுவது புலி. ஆசிரியர் அதற்கு மதிப்பெண் வழங்குகிறார். கண்டதை எழுதிய மாணவர், கற்பனை வளம் போதாது என்று குறிப்புப் பெறுகிறார். தமிழில் எழுதுவதென்றால் காணாததை எழுதுவது என்று பதினொரு வயதிலேயே பழகிய கை, பின்னாளில் சிறுகதையும் கவிதையும் எழுத வரும்போது எதை எழுதும்?

அக்கட்டுரைகளில் உறுமும் புலியின் நிலை என்ன? 1950-களில் தீபகற்ப மலேசியாவில் ஏறக்குறைய 3,000 மலாயாப் புலிகள் இருந்தன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு, காட்டில் எஞ்சியவை 150-க்கும் குறைவு எனக் கண்டது. காடழிந்ததும், கம்பிக் கண்ணி வைப்போர் ஊடுருவியதும், புலிக்கு இரையாகும் கடமான் அருகியதும் காரணங்கள். சுமத்திராக் காண்டாமிருகத்தின் கதை முடிந்தே போயிற்று. மலேசியாவில் எஞ்சிய கடைசி விலங்கு 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. இச்செய்திகளுக்கு மாதிரிக் கட்டுரையில் இடமில்லை.

இரவு உலாவுக்கு முன் பிற்பகலில் மூன்றாவது உருப்படி ஒன்றும் சேர்க்கப்படுவதுண்டு: பாத்தேக் மக்களின் குடியிருப்பைப் பார்வையிடல். அவர்கள் ஊதுகுழலில் அம்பு ஊதிக் காட்டுவர். மூங்கிலும் பிரம்பும் உரசித் தீ மூட்டிக் காட்டுவர். மாணவர் கைதட்டுவர். பிரம்பும் அகிற்கட்டையும் தேடி விற்று, கிழங்கு அகழ்ந்து, இக்காட்டோடு வாழ்ந்துவந்த மக்கள் அவர்கள். பூங்காவின் வடக்கே, செம்பனை நெருங்கிச் சூழ்ந்த கோலா கோ என்னும் ஊரில், 2019-இல் சில வாரங்களுக்குள் பாத்தேக் மக்களில் பத்துப்பேருக்கு மேல் மாண்டனர். தட்டம்மையே காரணம் என்று சுகாதார அமைச்சு அறிவித்தது. தடுப்பூசியால் தவிர்க்கக்கூடிய நோய் அது. விலங்கு பார்க்கும் பட்டியலில் மனிதரையும் ஓர் உருப்படியாகச் சேர்த்து, அதன்பின் விருந்துண்பதற்கு ஆசிரியர் ஒருவர் எவ்வாறு கையொப்பமிடுகிறார் என்பது விளங்கவில்லை. தோட்டத்து லயங்களைப் பார்க்க வெள்ளைத் துரையின் விருந்தினர் வந்து நின்ற நாள்களை மறந்த சமூகமா இது?

சுற்றுலாவால் உள்ளூரார்க்கு வருவாய் கிடைக்கிறது என்று சிலர் மறுப்புரைப்பர். உண்மைதான். படகோட்டியும் சமையற்காரரும் வழிகாட்டியும் அதனால் பிழைக்கின்றனர். மக்கள் நடமாட்டமுள்ள இடத்தில் கண்ணி வைப்போர் தயங்குவர் என்பதும் ஏற்கத்தக்கதே. ஆனால் வருவாய்க்காகச் செல்கிறோம் என்று எந்தப் பள்ளியும் சுற்றறிக்கை விடுவதில்லை. அறிவுக்காக என்றே விடுகிறது. அறிவு என்று சொன்னபின் அறிவைக் கேட்பது முறை. வழிகாட்டிகளில் பலர் நிறைய அறிந்தவர்கள். கேட்டால் சொல்வார்கள். கேள்வியோடு வந்த கூட்டத்தையே அவர்கள் அரிதாகக் காண்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளைகளைக் காட்டுக்குள் எப்படி அழைத்துச் செல்வது என்பது இன்னொரு மறுப்பு. எட்டு வயதினரை வேண்டாம். இடைநிலைப்பள்ளி மாணவரை அழைத்துச் செல்லலாம். சிறுவர்க்குத் தோட்டமே போதும். தோட்டம் என்று சொல்லியே காட்டட்டும்.

பூங்காவுக்குள் உப்பூற்றுகளை நோக்கி மறைகுடில்கள் அமைக்கப்பட்டதுண்டு. பும்பூன் என்று மலாயில் பெயர். கும்பாங் என்னும் குடிலை அடைய அட்டைகள் ஏறும் காட்டுவழியில் பல மணி நேரம் நடக்கவோ, படகில் சென்று இறங்கி நடக்கவோ வேண்டும். திறந்திருக்கும் காலம் பார்த்து, வனவிலங்குத் துறையின் இசைவு பெற்று, இரவு முழுதும் பேசாதிருந்து பார்ப்பது அங்குள்ள முறை. விலங்கு உப்பு நக்க வரும்; வராமலும் போகும். வராத இரவுகளே மிகுதி. அங்கு வட்ட மேசை கிடையாது. கட்டிக்கொண்டு போன சோற்றை மாலையிலேயே உண்டு முடித்து, எஞ்சியதை இறுக மூடி உயரத்தில் தொங்கவிட வேண்டும். இல்லையேல் நள்ளிரவில் எலி வரும்.