கூலியும் செல்போனில், கொள்ளையும் செல்போனில்

விடியற்காலை ஐந்தரை மணிக்கு நீலசந்திராவிலிருந்து கிளம்பும் பெண்கள் கூட்டத்தை நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. உங்களில் பலர் அந்தக் கூட்டத்திலேயே நடப்பவர்கள். ஈஜிபுரா, கோரமங்கலா பக்கத்துக் கண்ணாடிக் கட்டடங்களைப் பெருக்கித் துடைக்கப் போகிறவர்கள். அவர்கள் கையில் முன்பு தூக்குச் சட்டி மட்டும் இருந்தது. இன்று செல்போனும் இருக்கிறது. ஆடம்பரத்துக்காக வாங்கியது அல்ல அது. அது இல்லாவிட்டால் ஆஜர் விழாது, ஆஜர் விழாவிட்டால் கூலி விழாது.

சென்ற மழைக்காலத்தில் அப்படி வேலைக்குப் போகும் சகோதரி ஒருவர் கண்ணீரோடு சங்கத்துக்கு வந்தார். வேலையிடத்து வாட்ஸ்அப் குழுவில், சூப்பர்வைசர் நம்பரிலிருந்தே, ஒரு கோப்பு வந்திருக்கிறது. "ஆஜர் ஆப் மாறிவிட்டது, இதைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று அதோடு ஒரு வரி. போடாவிட்டால் ஒருநாள் சம்பளம் போய்விடும் என்ற பயத்தில் உடனே அழுத்திவிட்டார். கேட்ட அனுமதிக்கெல்லாம் சரி, சரி என்று கொடுத்தார். மறுநாள் காலை, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக வைத்திருந்த 38,000 ரூபாய் மூன்று தவணையாகப் போயிருந்தது. சூப்பர்வைசரைக் கேட்டால் அவர் போனையே எவனோ பிடித்து வைத்திருக்கிறான். வங்கியில் கேட்டது ஒரே கேள்வி: "ஓ.டி.பி.யை நீங்கள்தானே கொடுத்தீர்கள்?" ஒப்பந்தக்காரர் சொன்னது ஒரே பதில்: "உன் போன், உன் பொறுப்பு."

அந்தச் சகோதரி ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமே திருடனுக்கு இல்லை. ஏ.பி.கே. என்று முடியும் அந்தக் கோப்பு, குறுஞ்செய்தியைப் படிக்க ஒருமுறை அனுமதி வாங்கிக்கொண்டால் போதும். வங்கி அனுப்பும் எண்ணை அதுவே படித்து, அதுவே வெளியே அனுப்பிவிடும். திரையைப் பார்க்கும் அனுமதியையும் வாங்கிவிட்டால் நாம் தட்டும் ரகசிய எண்ணையும் பார்த்துக்கொள்ளும். போக்குவரத்து அபராதச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை என்று எத்தனையோ வேடத்தில் இது நாடு முழுவதும் சுற்றுகிறது. நம்மவர் போனுக்கு வேலை உத்தரவு என்ற வேடத்தில் வந்தது. மேலதிகாரி சொன்னால் கேள்வி கேட்காமல் செய்யவேண்டும் என்று பழக்கப்படுத்தப்பட்டவர்களிடம் இதைவிடச் சுலபமான வேடம் வேறு என்ன இருக்கிறது?

இது ஒரு பெண்ணின் அஜாக்கிரதை என்று தள்ளிவிடுவோருக்குச் சில கணக்குகள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரப்படி 2022-இல் நாட்டில் பதிவான இணையக் குற்ற வழக்குகள் 65,893, 2023-இல் 86,420. இவற்றில் நூற்றுக்கு அறுபத்தெட்டுக்கு மேல் பண மோசடி. மாநிலங்களில் முதலிடம், 21,889 வழக்குகளோடு, நாம் பிழைக்க வந்த கர்நாடகத்துக்கு. பெருநகரங்களில் முதலிடம் நம் பெங்களூருக்கு. (வழக்கைப் பதிவு செய்கிற ஊரில் எண்ணிக்கை ஏறும், பதிவு செய்யாத ஊரில் இறங்கும் என்பதையும் மறக்கக்கூடாது. 2001-லேயே தனி இணையக் குற்றக் காவல் நிலையம் கண்ட ஊர் இது.) 2024-ஆம் ஆண்டில் மக்கள் இழந்ததாகப் புகார் வந்த தொகை 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. முந்தைய ஆண்டில் அது 7,465 கோடி. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு!

இதற்கு அரசு சொல்லும் மருந்து "விழிப்போடு இருங்கள்" என்பது. இருக்கவேண்டியதுதான். ஆனால் விழிப்பு மட்டும் போதுமா? இந்தத் தலையங்கத்தை எழுதுகிறவன் ரயில்வே குமாஸ்தா. கவுண்டரில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் தனி எண், தனி ரகசியச் சொல். அதை மூடாமல் டீ குடிக்க எழுந்து போவதும் பணப்பெட்டியைத் திறந்து போட்டுவிட்டுப் போவதும் ஒன்றுதான். அங்கே கிடப்பது சர்க்கார் பணம். ஆகவே சர்க்கார் விதி வகுத்தது, கருவி கொடுத்தது, கணக்கும் கேட்கிறது. தொழிலாளியின் சொந்தப் போனில் கம்பெனியின் ஆப்பை ஏற்று என்று கட்டளையிடுகிற முதலாளிக்கு மட்டும் ஏன் விதி இல்லை? முகப்படம் எடுக்கிறார்கள், நிற்கும் இடத்தைப் பார்க்கிறார்கள், சில ஆப்கள் போனில் உள்ள நம்பர்களையெல்லாம் கேட்கின்றன. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். வேலை சம்பந்தப்பட்ட காரியங்களுக்குத் தொழிலாளியின் தகவலை அவர் சம்மதம் இல்லாமலே பயன்படுத்த அதில் முதலாளிக்கு வாசல் திறந்து வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன; தகவலைப் பத்திரமாக வைக்கும் கடமைகளுக்கோ அதிலிருந்து 18 மாத அவகாசம்.

பி.எஃப். கணக்கு திறக்கிறேன் என்று மேஸ்திரி முப்பது பேரின் போனை வரிசையாக வாங்கி ஓ.டி.பி. எடுப்பதும், ரகசியச் சொல்லைத் தன் நோட்டிலேயே எழுதி வைத்துக்கொள்வதும் நமக்குத் தெரியாததா? ஏ.டி.எம். அட்டையையே பிடுங்கி வைத்துக்கொள்ளும் ஒப்பந்தக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிறர் கேட்டால் எண்ணைக் கொடு என்று நம் ஜனங்களுக்குக் கற்றுக்கொடுத்தவன் வெளிநாட்டுத் திருடன் அல்ல.

வங்கியின் பேச்சையும் அப்படியே ஏற்கவேண்டியதில்லை. 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி விட்ட சுற்றறிக்கைப்படி, தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, வேறெங்கோ இருக்கிறது என்றால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டமே இல்லை. ரகசிய எண்ணைத் தானே சொல்லிக்கொடுத்தவர் விஷயத்தில்கூட, வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணம் வங்கியின் தலையில்தான். வாடிக்கையாளர் மீது பழியை நிரூபிக்கவேண்டியது வங்கியின் வேலை என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. கவுண்டரில் இருப்பவர் கையை விரித்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். எழுத்தில் கொடுங்கள், முத்திரை போட்ட நகல் வாங்குங்கள்.

இனி, நம் வீட்டுக்குள்ளே பேசவேண்டிய ஒரு விஷயம். பேசக் கசப்பாகத்தான் இருக்கிறது. திருடிய பணம் ஆகாயத்தில் நிற்பதில்லை. யாருடைய கணக்கிலாவது விழவேண்டும். அந்தக் கணக்கு பெரும்பாலும் ஓர் ஏழையின் கணக்கு. "பாஸ்புக்கும் சிம்மும் கொடு, மாதம் சில ஆயிரம் தருகிறேன்" என்று நம் தெருமுனைகளிலேயே ஆள் பிடிக்கிறார்கள். வேலையில்லாத தம்பிகள் அதில் குற்றம் இருப்பதாகவே நினைப்பதில்லை. எந்த மாநிலத்துப் போலீசோ ஒருநாள் கதவைத் தட்டும்போது, பணம் அடித்தவன் எங்கோ இருப்பான். கணக்கில் பெயர் இருப்பவன் கையில்தான் விலங்கு விழும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவில் மட்டும் மூன்று ஆண்டு வரை சிறை. அந்தப் பணத்தில் ஒருவன் காய்கறி வாங்கினால் பாவம் காய்கறிக்காரரின் கணக்கும் முடங்குகிறது.

அந்தத் தம்பிகளைப் பிடிப்பதற்கு இன்னொரு வலையும் உண்டு. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம் என்பார்கள். இறங்கியதும் எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, இதே மோசடிப் போன்களைப் பேசவைப்பார்கள். 2022-இல் மியாவாடியிலிருந்து மீண்டவர்களில் தமிழகத்து இளைஞர்கள் இருந்தார்கள். 2025 மார்ச்சில் இரண்டே நாளில் 549 இந்தியரை விமானப்படை விமானங்களில் கொண்டுவந்தார்கள். ஆக, போனின் இந்த முனையில் ஏமாந்தவரும் நம்மவர். அந்த முனையில் அடிபட்டுக்கொண்டே ஏமாற்றுகிறவனும் சில சமயம் நம்மவன். இலங்கைத் தோட்டத்துக்கும் மலேயாவுக்கும் கங்காணி ஆள் சேர்த்த கதையைப் பாட்டனாரிடம் கேட்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

சங்கம் ஒப்பந்தக்காரர்களிடம் வைக்கும் கோரிக்கைகள் நியாயமானவை. ஆஜருக்கு ஆப் வேண்டும் என்றால் அதற்கான போனை நிர்வாகமே வேலையிடத்தில் வைக்கட்டும். எந்த ஆப்பையும் வாட்ஸ்அப்பில் கோப்பாக அனுப்பக்கூடாது. தொழிலாளியின் ஓ.டி.பி.யை மேஸ்திரி கேட்கக்கூடாது. வேலை உத்தரவு என்ற பெயரில் போன பணத்துக்கு, புகார் எழுதும் செலவிலிருந்து அலையும் நாளின் கூலி வரை நிர்வாகம் ஏற்கவேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. கோப்பாக வரும் எந்த ஆப்பையும், யார் அனுப்பினாலும், போடாதீர்கள். அனுப்பியவரை நேரில் கேளுங்கள், நேரில் முடியாவிட்டால் போன் செய்து குரலைக் கேளுங்கள். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. சேமிப்பு ஒரு கணக்கிலும், போனில் செலவழிக்கும் சில நூறு ரூபாய் இன்னொரு கணக்கிலும் இருக்கட்டும். *#06# தட்டினால் போனின் 15 இலக்க எண் வரும், அதை ரேஷன் கார்டு உறையில் எழுதி வையுங்கள்; போன் தொலைந்தால் முடக்க அது வேண்டும். பணம் போனால் அழுவதற்கு முன் 1930-ஐக் கூப்பிடுங்கள். பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவுவதற்குள் நிறுத்திவைக்க வழி உண்டு. மறுநாள் சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றால் அது தாவிவிடும்.

நம் சகோதரியின் புகாரைக் கன்னடத்தில் எழுதிக் கொடுத்தது, கன்னடப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன். போனதில் ஒரு தவணை, 12,000 ரூபாய், ஒரு வங்கியில் நிறுத்தப்பட்டிருக்கிறது. மீதிக்காக அலைந்துகொண்டிருக்கிறோம். ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் சங்க அலுவலகத்தில் இரண்டு பேர் இருப்பார்கள். பாஸ்புக்கையும், பணம் போன குறுஞ்செய்தியையும் அழிக்காமல் எடுத்து வாருங்கள். கன்னடம் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள். பையன் ஒருவனால் சமாளிக்க முடியவில்லை.