சாயம் வெளுத்த கதை

சென்னையில் 'கலர் மீன் வாங்கணும்' என்று யாரிடம் கேட்டாலும் கொளத்தூருக்குத்தான் வழி சொல்வார்கள். தெருத்தெருவாக மீன் கடைகள். பாலிதீன் பையில் தண்ணீரும் மீனுமாக, பைக்கில் குடும்பம் குடும்பமாகத் திரும்பிக் கொண்டிருப்பார்கள். நாலு மாசத்துக்கு முன் அந்தக் கும்பலில் நானும் ஒருத்தன். பின் ஸீட்டில் என் பெண், இரண்டாம் வகுப்பு. அவள் மடியில் ஆறு மீன்கள்.

'கலர் கிளாஸ்' என்றார் கடைக்காரர். கட்டைவிரல் நீளம். கண்ணாடி மாதிரி உடம்பு. முதுகிலும் வயிற்றோரத்திலும் ரோஸ், பச்சை, மஞ்சள் என்று ஹைலைட்டர் பேனாவால் கோடு இழுத்த மாதிரி பளீர்! பக்கத்துத் தொட்டியில் அதே மீன், கலர் இல்லாமல், பாதி விலைக்கு. அதை நான் சட்டை செய்யவே இல்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் கணக்கில் வரும்.

"கலர் பிறவியிலேயே இப்படித்தானா?"

"ஆமா சார். ஜாதி மீனு!"

இரண்டே மாசம். ரோஸ் சந்தன கலராகி, பச்சை போன இடம் தெரியவில்லை. நடுவில் இரண்டு மீன்கள் போய்ச் சேர்ந்தன. அவற்றை ரோஜாத் தொட்டியில் அடக்கம் செய்துவிட்டு வந்த என் பெண், "மீதி நாலும் ஏம்ப்பா வெளுத்துப் போச்சு?" என்றாள். பதில் தெரியாத அப்பாக்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். கடைக்காரர் மேல் கோபப்பட்டேன்.

அவர் அசரவில்லை. "சாயம் சார். போகத்தானே செய்யும்? உங்க சட்டை வெளுக்கலையா?"

"அன்னிக்குப் பிறவின்னீங்களே?"

"ஊசி போட்ட மீனுன்னு சொன்னா யார் சார் வாங்குவா?"

ஊசி! நிஜமாகவே ஊசிதான். மீனைப் பிடித்து, முதுகில் ஓர் இடம், வயிற்றில் ஓர் இடம் என்று குத்திக் குத்திச் சாயம் ஏற்றுகிறார்கள். கட்டைவிரல் நீள மீனுக்கு ஊசி என்றால் நமக்குக் கடப்பாரை! குத்தின புண் வழியே நோய் புகும். தப்பிப் பிழைத்தால் சில மாசத்தில் சாயம் வெளுக்கும். இத்தனைக்கும் இந்தக் கண்ணாடி மீன் நம் நாட்டு ஆறு, குளங்களில் இருக்கிற மீன்தான்.

வெளிநாடுகளில் பவளத்துக்கும் இதே கதி. பவளம் கல் இல்லை, பிராணி. அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்ணிய பாசிகள்தான் வெளிச்சத்தை வைத்து அதற்குச் சமைத்துப் போடுகின்றன. வெளிறிப்போன பவளத்தைச் சாயத்தில் முக்கி எடுத்து, மீன் தொட்டிக்காரர்கள் தலையில் கட்டுகிறார்கள். சாயம் வெளிச்சத்தை மறைக்கிறது. மஞ்சளாக மின்னிக்கொண்டே பவளம் பட்டினி கிடக்கிறது. நம் ஊரில் அந்தப் பேச்சே கிடையாது. 2001-லேயே கல்பவளங்களை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். சாயம் பூசினாலும் பூசாவிட்டாலும் விற்றால் குற்றம்.

மீனுக்கு? 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. மனிதனைத் தவிர்த்த எந்த உயிரும் அதில் 'விலங்கு'தான். கெடுதலான வஸ்துவை வேண்டுமென்றே அதன் உடம்பில் ஏற்றுவது குற்றம். முதல் தடவைக்கு அபராதம், 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை! நான் ஒரு மீனுக்குக் கொடுத்ததே அறுபது.

பி.காம். படிக்கும்போது மெர்க்கன்டைல் லாவில் 'கேவியட் எம்ப்டார்' என்று ஒன்று வரும். 'வாங்குகிறவனே, உஷார்!' என்று அர்த்தம். 1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டம். உருப்போட்டு எழுதி மார்க்கும் வாங்கினேன். விற்கிறவன் ஏமாற்றினால் வாங்குகிறவன் சண்டை போடலாம், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஆனால் சரக்கே உயிரோடு நீந்திக்கொண்டிருந்தால்? அது யாரிடம் உஷாராக இருக்கும்? எந்த கவுன்ட்டரில் போய்ப் புகார் கொடுக்கும்? என் நஷ்டம் முந்நூற்று அறுபது ரூபாய். அதன் நஷ்டம் சிலபஸில் இல்லை.

பிரிட்டனில் மீன் வளர்ப்புக்கென்றே வரும் 'பிராக்டிகல் ஃபிஷ்கீப்பிங்' பத்திரிகை 1996-ல் ஒரு காரியம் செய்தது. சாயமேற்றிய மீனை விற்க மாட்டோம் என்று கடைகளிடம் உறுதி வாங்கும் இயக்கத்தை ஆரம்பித்தது. இதையெல்லாம் நம் கடைக்காரரிடம் எடுத்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டார்.

"நான் ஊசி போடறதில்ல சார், வர்ற சரக்கு. வெள்ளை மீனும் பக்கத்துலயேதான் வெச்சிருந்தேன். நீங்க எதைக் கை காட்டினீங்க?"

பொய் சொன்னவர் அவர்தான். ஊசி பிடித்தவர் வேறு யாரோ. ஆனால், கை காட்டியது? பதில் சொல்லாமல் பைக்கைக் கிளப்பினேன்.

வீட்டில் பெண்ணிடம் உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரொம்ப வலிச்சிருக்கும் இல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

நாலு மீன்களும் இன்னும் இருக்கின்றன. சாயம் சுத்தமாகப் போய்விட்டது. லைட்டைப் போட்டால் முதுகு முள் ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரித் தெரிகிறது. போன வாரம் வீட்டுக்கு வந்த ஆபீஸ் நண்பர் தொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார், கலர் மீன் கிடைக்கலையா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"இதுதான் அங்கிள் அதோட கலர்!"