இது இசையா, இரைச்சலா?

பாட்டு என்றால் பல்லவி, சரணம், தாளம் என்று பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும். அப்படி எதுவும் கைக்குச் சிக்காத ஓர் ஆல்பத்தை அண்மையில் முதன்முறையாகக் கேட்டேன். ஆட்டெக்கர் என்ற இருவர் குழுவின் ‘கான்ஃபீல்ட்’ ஆல்பம்தான் அது. ஷான் பூத், ராப் பிரவுன் இருவரும் இங்கிலாந்தில் மான்செஸ்டரை அடுத்த ராச்டேல் ஊர்க்காரர்கள். வார்ப் நிறுவனம் 2001-ல் இதை வெளியிட்டது. மொத்தம் 9 உருப்படிகள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடும்.

முதல் உருப்படியின் தொடக்கத்தில், உலோகக் குண்டு ஒன்று தட்டில் சுழல்வது போன்ற சத்தம்தான் கேட்கிறது. மென்மையான மெட்டு பிறகுதான் மெல்ல எட்டிப் பார்க்கிறது. மற்ற உருப்படிகளிலும் இதே கதைதான். தாளம் பிடிபட்டது என்று காலைத் தட்ட ஆரம்பிப்பதற்குள் அது நழுவிவிடும். நண்பர்களிடம் இதை எப்படி விவரிப்பது என்றே தெரியவில்லை.

இதன் சூட்சுமம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இந்த ஆல்பத்தின் பல பகுதிகளுக்கு மேக்ஸ்/எம்எஸ்பி என்ற சாப்ட்வேரைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இதன் தொடக்கம் 1980-களில் பாரிஸ் நகரின் இர்காம் ஆய்வு மையத்தில் மில்லர் பக்கெட் எழுதிய மேக்ஸ். இதில் திரையில் சிறு பெட்டிகளை வைத்துக் கோடுகளால் இணைக்க வேண்டும். ஒரு பெட்டி எண்ணும், ஒன்று நேரம் பார்க்கும், ஒன்று ஒலி எழுப்பும். ஸ்வரங்களை ஒவ்வொன்றாக எழுதாமல், அவை எப்படி மாற வேண்டும் என்ற விதிகளை எழுதிவிடலாம்.

“அப்படியானால் கம்ப்யூட்டர் இஷ்டத்துக்குப் போட்ட சத்தம்தானே?” என்று கேட்பவர்கள் உண்டு. புரோகிராம் எழுதுபவன் என்ற முறையில் இதை நான் ஏற்கமாட்டேன். விதியை எழுதியவர் மனிதர். வந்த ஒலிகளில் எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்று காது கொடுத்துத் தேர்ந்தெடுத்தவரும் மனிதர்தான்.

இன்று ஒரு வரி டைப் செய்தால் செயற்கை நுண்ணறிவு சாப்ட்வேர்கள் முழுப் பாட்டையே தந்துவிடுகின்றன. அவை உடனே பிடித்தும் போகின்றன. காரணம், ஏற்கனவே கேட்டுப் பழகிய பாடல்களின் சாயலில்தான் அவை இருக்கின்றன. கான்ஃபீல்ட் இதற்கு நேர் எதிர். விரல்களால் வாசிக்க முடியாத, காது கேட்டுப் பழகாத ஒன்றுக்காக அவர்கள் கம்ப்யூட்டரை நாடினார்கள். தெரிந்ததையே வேகமாகத் திருப்பித் தரும் கருவியாக மட்டும் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டால் நஷ்டம் நமக்குத்தான்.

முழு ஆல்பமும் இனித்தது என்று சொல்லமாட்டேன். சில உருப்படிகள் இன்னமும் இரைச்சலாகவே கேட்கின்றன. ஆனால் முதல் உருப்படியை மூன்றாம் முறை கேட்டபோது, அந்த உலோகச் சத்தத்துக்குள்ளேயே ஓர் ஒழுங்கு தெரிந்தது.

நீங்களும் கேட்டுப் பாருங்கள். செல்போனின் சிறிய ஸ்பீக்கர் வேண்டாம். நுணுக்கமான ஒலிகள் அதில் அமுங்கிவிடும். ஹெட்போன் மாட்டி, வால்யூமைக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள். ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகளில் 30 விநாடி ஓடினாலே ஒரு பாட்டு கேட்டதாகக் கணக்கு. நீங்கள் அதற்குள் முடிவு கட்டிவிடாதீர்கள். முதல் உருப்படியையாவது முழுதாகக் கேளுங்கள். அதற்கு மேலும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக நிறுத்திவிடலாம்.