தமிழ்த் தட்டச்சுக்குக் காவலில்லாக் கதவு எதற்கு?

"தமிழில் தட்டச்சு செய்ய எந்த மென்பொருளை இறக்கிக்கொள்வது?" என்று பெற்றோர் அடிக்கடி கேட்கின்றனர். சில ஆசிரியர்களும் எங்கிருந்தோ கிடைத்த செயலியை வகுப்பு முழுமைக்கும் பரிந்துரைக்கின்றனர். இப்பழக்கத்தை நாம் கைவிட வேண்டும். காரணத்தைச் சற்று விளக்குகிறேன்.

டோபி காட் நிலையத்தில் மூன்று ரயில் தடங்கள் கூடுகின்றன. 'வண்டி வந்ததா' என்று பார்க்க நாம் ஒவ்வொரு நடைமேடைக்கும் ஓடுவதில்லை. அறிவிப்பே நம்மைத் தேடி வருகிறது. கணினியிலும் அவ்வாறே. விசை அழுத்தப்பட்டதை முதலில் அறிவது இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னல். "விசை அழுத்தப்பட்டதும் என்னை அழை" என்று ஒரு மென்பொருள் இயங்குதளத்திடம் பதிந்து வைக்கலாம். இதுவே மீளழைப்பு. தமிழ்99 முறையில் 'க' விசையை அடுத்து 'ஆ' விசை வந்தால் 'கா' என ஆக்க வேண்டும். ஆகவே தமிழ்த் தட்டச்சுக்கு இவ்வசதி இன்றியமையாதது.

சிக்கல் அதன் எல்லையில்தான் உள்ளது. விண்டோஸில் நெடுங்காலமாக உள்ள 'ஹூக்' என்னும் வசதி, பிற செயலிகளுக்குச் செல்லும் விசைகளையும் ஒரே மென்பொருளுக்குக் காட்டிவிடும். பிள்ளையின் கட்டுரையும் தந்தையின் வங்கிக் கடவுச்சொல்லும் அதற்கு ஒன்றே. விசைகளைத் திருடும் தீநிரல்களும் இதே வழியைக் கையாள்கின்றன.

"அன்று வேறு வழி ஏது?" என்பர். உண்மைதான். முரசு அஞ்சல், எ-கலப்பை போன்றவை ஆற்றிய தொண்டை மறக்கலாகாது. ஆனால் காலம் மாறிவிட்டது. 2013இல் ஐஓஎஸ் 7 தமிழ்99, அஞ்சல் ஆகிய இரு விசைப்பலகைகளையும் தன்னுள் இணைத்தது. 2014இல் ஐஓஎஸ் 8 வெளியார் விசைப்பலகைகளை அனுமதித்தது. ஆயினும் கடவுச்சொல் கட்டத்தில் அவற்றை விலக்கித் தன் பலகையையே காட்டுகிறது. விண்டோஸிலும் தமிழ்99 உள்ளது. 2019ஆம் ஆண்டுப் பதிப்பு ஒலியியல் பலகையையும் சேர்த்தது. எனவே "பிள்ளைக்கு அம்முறைதான் எளிது" என்னும் வாதமும் நில்லாது. லினக்ஸில் வேலண்ட் முறை, ஒரு செயலியின் விசைகளை மற்றொன்று ஒட்டுக்கேட்க இடங்கொடாமல், உள்ளீட்டு முறைகளுக்கெனத் தனி வாயில் வைத்துள்ளது. மீளழைப்பும் உண்டு, வரம்பும் உண்டு. தமிழ் மென்பொருள் எழுதுவோர் நுழைய வேண்டிய வாயில் அதுவே.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஆங்கிலம் எழுத எவரும் வெளியார் மென்பொருளைத் தேடி அலைவதில்லை. தமிழுக்கு மட்டும் வீட்டுக் காவலைத் தளர்த்த வேண்டும் என்று பிள்ளை கற்றுக்கொண்டால், கணினியில் தமிழ் ஒரு விருந்தாளி என்றே கருதும். ஒருநாள் கடவுச்சொல் களவுபோனால், பழி செயலியின்மீது மட்டும் விழாது. தமிழ் வகுப்பின்மீதும் விழும்.

ஆகவே, கணினியின் மொழி அமைப்பைத் திறந்து தமிழைச் சேருங்கள். ஐந்து நிமிட வேலை. அதைப் பிள்ளையைக் கொண்டே செய்வியுங்கள். தமிழ் ஏற்கெனவே அங்கே குடியிருப்பதைப் பிள்ளை தன் கண்ணால் காணட்டும்.