மீட்டருக்கு முன் ஓர் உத்தரவாதம்

ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே இறங்கும்போது கிணத்துக்கடவுப் பக்கத்துக் காற்றாலைகள் இராப்பகலாகச் சுற்றும். அவற்றுக்குக் கீழேயே தென்னந்தோப்புகள். நள்ளிரவில் மும்முனை கரண்ட் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் 'டக்'கென்று இழுக்கிறது. போர்வெல் மோட்டார் ஓடுகிறது. தோட்டக்காரர் அசந்து தூங்குகிறார். விடிந்து பார்த்தால் தொட்டி வழிந்து வண்டித்தடமெல்லாம் சேறு.

கொங்கு நாட்டில் மின்சாரக் கொள்கையை எழுதியவர்கள் விவசாயிகள். 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்து எழுந்தவர்கள் பெருமாநல்லூர் துப்பாக்கிச்சூட்டில் மூன்று உயிர்களைப் பறிகொடுத்தார்கள். 1972இல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் கோவைச் சாலைகளை மாட்டு வண்டிகளால் அடைத்தார்கள். 1989இல் ஆட்சிக்கு வந்த கருணாநிதி அரசு எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் தந்தது. இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள். 2020இல் மின்சாரச் சட்டத் திருத்த மசோதா வந்தபோது, இந்தச் சலுகைக்காகவே தமிழ்நாட்டின் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் எதிர்த்தன.

விவசாயிகளின் அந்தப் போராட்டம் நியாயமானது. கிணற்றை நம்பிய வெள்ளாமையை அதுதான் காத்தது. ஆனால் கிணறு வற்றி, போர் ஆயிரம் அடிக்குப் போய்விட்டது. ஆழம் கூடக் கூட ஒரே அளவு தண்ணீருக்கு அதிகக் கரண்ட் வேண்டும். காற்று ஓய்ந்த மாதங்களில் அதற்காக மேட்டூரில் நிலக்கரி எரிகிறது. 2022 டிசம்பரில் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கியது, நல்ல முயற்சி. ஆனாலும் தோப்பிலிருக்கும் அந்த ஸ்டார்ட்டரை எந்த ஆட்சியரும் தொட முடியாது. விவசாயிகள் சங்கத்துக்காரர்கள் மனது வைத்தால் முடியும்.

பஞ்சாபில் வழி கிடைத்திருக்கிறது. 2018இல் தொடங்கிய திட்டத்தில், விரும்பிச் சேர்ந்த விவசாயிக்கு இலவச மின்சாரம் அப்படியே தொடர்ந்தது. ஒதுக்கிய அளவில் மீட்டர் கணக்குப்படி மிச்சமான யூனிட் ஒவ்வொன்றுக்கும் 4 ரூபாய் அவர் கணக்கில் ஏறியது. இங்கும் அதைக் கேட்கவேண்டியவர்கள், அன்று வண்டி பூட்டியவர்களின் பிள்ளைகளும் பேரன்களும்தான்.

தக்காளி மார்க்கெட்டில் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னோம். "மீட்டர் வெச்சா நாளைக்கே பில்லு வருமுங்க" என்றார். பயம் புரிகிறது. வராது என்று அரசாணை போட்டால்? கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எழுதிக் குடுக்கட்டும், மொதல்ல எந்தோட்டத்துலயே வெச்சுக்கறனுங்க" என்றார்.