கடைசி அணிக்கு முதல் தேர்வு



போன பதிவில் முழங்கால் வலியைப் பற்றி எழுதியதற்கு இத்தனை வைத்தியக் குறிப்புகள் வரும் என்று நான் நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. இன்று அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள். பி.இ.டி. பீரியடைக் கடன் வாங்கிக் கணக்கு நடத்திய ஆள்தான் நான், ஒப்புக்கொள்கிறேன். வயது போன பிறகு புத்தி வருவதும் உண்டு.

2025 ஏப்ரலில் ஓஹையோ மாநிலத்தில், கிளீவ்லேண்ட் நகரத்துக்குப் பக்கத்தில் மகள் வீட்டில் இருந்தேன். வியாழன் முதல் சனி வரை மூன்று நாள் மாப்பிள்ளையும் பேரனும் டிவியை விட்டு நகரவில்லை. போய்ப் பார்த்தால் அங்கே ஆட்டமே நடக்கவில்லை. ஒருவர் மேடைக்கு வருகிறார், ஒரு சீட்டைப் பார்த்து ஒரு பெயரைப் படிக்கிறார், போய்விடுகிறார். கல்யாண மண்டபத்தில் மொய் வாசிப்பது மாதிரி. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் எங்கோ ஒரு வீட்டில் ஒரு தாய் அழுகிறாள், ஒரு ஊரே கத்துகிறது. "என்னடா இது?" என்றேன். "டிராஃப்ட், தாத்தா" என்றான் பேரன். அவன் ஏழாம் வகுப்பு. மூன்று நாளும் எனக்கு அவன்தான் வாத்தியார்.

விஷயம் இதுதான். நாம் சொல்லும் கால்பந்து இல்லை இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். என்.எஃப்.எல். என்னும் லீக்கில் 32 அணிகள். கல்லூரிகளில் ஆடி முடித்து வரும் பையன்களை ஆண்டுக்கு ஒருமுறை, ஏழு ரவுண்டுகளில், ஒருவர் பின் ஒருவராக இந்த அணிகள் எடுத்துக்கொள்கின்றன. அந்த ஆண்டு மொத்தம் 257 பேர். நம் ஐ.பி.எல். மாதிரி ஏலம் கிடையாது. பணம் அதிகம் வைத்திருப்பவன் தூக்கிக்கொண்டு போக முடியாது. போன சீசனில் ஆகக் கேவலமாகத் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு. கோப்பை வென்ற அணி வரிசையில் கடைசி.

இதைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். முதலாளித்துவத்தின் தலைநகரத்தில், தோற்றவனுக்கு முதல் பந்தியா? நம் பள்ளிக்கூடங்களில் கூட இது கிடையாதே. நல்ல மார்க் எடுத்த பிள்ளைகளுக்கு ஏ செக்ஷன், ஏ செக்ஷனுக்கு நல்ல வாத்தியார். இப்படித்தானே நாங்கள் வருடா வருடம் பிரித்தோம்?

ஆனால் ஏற்பாடு தர்ம சிந்தனையால் வந்ததும் இல்லை. 1935-ல் இந்த யோசனையைக் கொண்டுவந்தவர் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் முதலாளி பெர்ட் பெல். அந்த ஆண்டு கடைசியாக வந்தது அவருடைய அணிதான்! பணக்கார அணிகளோடு போட்டி போட முடியாமல் நொந்துபோன மனிதர். தனக்கு வசதியான விதி, ஆனால் லீக்குக்கும் நல்லதாக அமைந்துவிட்டது. 1936 பிப்ரவரியில் ஒரு ஹோட்டலில் முதல் டிராஃப்ட். அணிகளிடம் ஆட்களைத் தேடிப் பார்க்கும் துறை என்று எதுவும் அப்போது இல்லை. கரும்பலகையில் 90 பெயர்களை எழுதிப் போட்டார்களாம். கரும்பலகை என்றதும் எனக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. முதல் பெயர் ஜே பெர்வாங்கர், சிகாகோ பல்கலைக்கழகம், அந்த ஆண்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என்று பரிசு வாங்கியவர். அவர் கேட்ட சம்பளம் கட்டுப்படியாகவில்லை. கடைசிவரை லீக்கில் ஒரு ஆட்டம் கூட அவர் ஆடவில்லை. வரலாற்றின் முதல் தேர்வே இப்படி.

இப்போது கரும்பலகை போய்விட்டது. ஒவ்வொரு அணியும் ஆட்களை அனுப்பி வருடம் முழுக்கக் கல்லூரி ஆட்டங்களைப் பார்க்கிறது, வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறது. டிராஃப்டுக்கு முன் இண்டியானாபோலிஸில் பையன்களை வரவழைத்து உயரம், எடை, உள்ளங்கை அகலம் வரை அளக்கிறார்கள். நாற்பது கஜ ஓட்டத்தை விநாடியில் நூறில் ஒரு பங்கு வரை எடுக்கிறார்கள். 225 பவுண்டு எடையை, அதாவது நம் கணக்கில் நூறு கிலோவுக்குச் சற்று மேல், எத்தனை முறை தூக்குகிறான் என்று எண்ணுகிறார்கள். 12 நிமிடத்தில் 50 கேள்வி என்று ஒரு அறிவுத் தேர்வு கூட வெகுகாலம் இருந்தது. 2022-ல்தான் விட்டார்கள். டாக்டர்கள் பார்க்கிறார்கள், தனியறையில் உட்காரவைத்து இண்டர்வியூ செய்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் கூட இவ்வளவு விசாரிப்பதில்லை.

இவ்வளவு அளந்தும் என்ன கிடைக்கிறது?

டாம் பிரேடியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். 2000-ல் அவர் நாற்பது கஜத்தை ஓட 5.28 விநாடி எடுத்துக்கொண்டார். இந்த ஆட்டத்துக்கு அது ஆமை வேகம். உடம்பும் ஒல்லி. ஆறாவது ரவுண்டில், 199-வது ஆளாக நியூ இங்கிலாந்து அணி எடுத்தது. அவர் ஏழு முறை சூப்பர் பௌல் வென்றார். இந்தக் கதையை எல்லோரும் 'எப்பேர்ப்பட்ட கண் அந்த அணிக்கு!' என்று முடிப்பார்கள். எனக்குப் பேரன் சொன்ன இன்னொரு தகவல்தான் முக்கியமாகப் பட்டது. அதே டிராஃப்டில் பிரேடிக்கு முன்னால் அதே அணி வேறு ஆறு பேரை எடுத்திருந்தது. அவர் யார் என்று உண்மையிலேயே தெரிந்திருந்தால் 198 பெயர் போகும்வரை காத்திருப்பார்களா? அந்த அணியில் அப்போது ஆடிக்கொண்டிருந்தவர் 1993-ல் நாட்டிலேயே முதல் ஆளாக எடுக்கப்பட்ட ட்ரூ பிளெட்சோ. 2001-ல் அவருக்கு அடிபட்டது. அதனால் பிரேடி உள்ளே வந்தார். அடிபடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1998-ல் இரண்டு பையன்கள், பெய்டன் மேனிங், ரயன் லீஃப். இருவரில் யார் உசத்தி என்று நாடே பட்டிமன்றம் நடத்தியது. சான் டியேகோ அணிக்கு மூன்றாவது வாய்ப்பு. இருவரில் ஒருவர் கட்டாயம் வேண்டும் என்று மூன்றிலிருந்து இரண்டுக்கு ஒரே ஒரு படி ஏற, அந்த ஆண்டின் இரண்டாம் ரவுண்ட் வாய்ப்பையும் அடுத்த ஆண்டின் முதல் ரவுண்ட் வாய்ப்பையும் கொடுத்தது. இரண்டு ஆட்டக்காரர்களையும் சேர்த்துத்தான். மேனிங் இன்று ஜாம்பவான்களில் ஒருவர். சான் டியேகோவுக்குக் கிடைத்த லீஃபின் ஆட்டம் சில ஆண்டுகளில் முடிந்துபோனது. 2007-ல் ஓக்லண்ட் முதல் ஆளாக எடுத்த ஜமார்கஸ் ரஸ்ஸலுக்கும் மூன்றே சீசன்.

'இது ஒன்றிரண்டு விதிவிலக்குதானே சார்' என்று பின்பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்பான். கேட்க வேண்டிய கேள்விதான். இதையே கேட்டு இரண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டார்கள், கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர். இந்தத் தேலர்தான் 2017-ல் பொருளாதார நோபல் வாங்கியவர். அவர்கள் கண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு ஆட்டக்காரரையும், அதே இடத்தில் ஆட அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முன்னவர் பின்னவரைவிடச் சிறப்பாக அமைவதற்கு வாய்ப்பு பாதிக்குச் சற்றே மேல். காசைச் சுண்டிப் போடுவதைவிடக் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான்.

இதைக் கவனமாகப் புரிந்துகொள்ளுங்கள். தேர்வாளர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தம் இல்லை. முதல் ரவுண்டில் போகிறவர்கள் மொத்தமாக ஏழாம் ரவுண்டுக்காரர்களைவிட நன்றாகவே ஆடுகிறார்கள். முதல் ஆளுக்கும் நூறாவது ஆளுக்கும் உள்ள வித்தியாசம் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது. முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் உள்ள வித்தியாசம் தெரிவதில்லை. ஆனால் தெரியும் என்று நம்பி, அதற்குத்தான் ஆகப் பெரிய விலை கொடுக்கிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் டல்லஸ் அணிப் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் ஒவ்வொரு தேர்வு எண்ணுக்கும் இத்தனை புள்ளி என்று ஒரு அட்டவணை வைத்திருந்தார். முதல் எண்ணுக்கு 3000. அங்கிருந்து மலைச்சரிவு மாதிரி மளமளவென்று இறங்கும். அணிகள் வாய்ப்புகளைக் கைமாற்றிக்கொள்ள வெகுகாலம் அதையே பேரம்படியாக வைத்திருந்தார்கள். உண்மையான ஆட்டத்திறன் அவ்வளவு செங்குத்தாக இறங்குவதில்லை என்பதுதான் மாஸியும் தேலரும் சொன்னது. அப்படியென்றால் கெட்டிக்காரத்தனம் எது? மேலே உள்ள ஒரு வாய்ப்பைக் கொடுத்துக் கீழே உள்ள இரண்டு மூன்றை வாங்குவது. கண்ணில் நம்பிக்கை வைப்பதைவிட எண்ணிக்கையில் நம்பிக்கை வைப்பது.

மாப்பிள்ளைக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், காயமே போதும். கிளீவ்லேண்ட் ரசிகர் அல்லவா? முதல் ரவுண்டில் மட்டும் 1999-ல் ஒரு குவார்ட்டர்பேக், 2007-ல் ஒருவர், 2012-ல் ஒருவர், 2014-ல் ஒருவர், 2018-ல் ஒருவர். ஒவ்வொரு முறையும் ஊர் கொண்டாடியது. ஒருவரும் அங்கே நிலைக்கவில்லை. 2017-ல் பதினாறு ஆட்டம் ஆடிப் பதினாறும் தோற்றார்கள். தோற்றவனுக்கு முதல் பந்தி போட்டாலும் எதை எடுத்துச் சாப்பிடுவது என்று தெரிய வேண்டுமே. 2025-ல் அவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பு. அதை ஜாக்சன்வில் அணிக்குக் கொடுத்துவிட்டு ஐந்தாவது வாய்ப்பையும், 36-வது வாய்ப்பையும், அடுத்த ஆண்டின் முதல் ரவுண்ட் வாய்ப்பு ஒன்றையும் வாங்கினார்கள். மாப்பிள்ளை சோபாவில் குத்தினார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. சொல்லவில்லை. மாப்பிள்ளை அல்லவா!

அதே டிராஃப்டில்தான் ஷெடூர் சாண்டர்ஸ். முதல் ரவுண்டிலேயே போவார் என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்த பையன். வியாழன் போனது, வெள்ளி போனது, பெயர் வரவில்லை. சனிக்கிழமை, ஐந்தாவது ரவுண்டில், 144-வது ஆளாகக் கிளீவ்லேண்டே எடுத்தது. அந்த இரண்டு நாளில் அவனுடைய கையோ காலோ மாறிவிடவில்லை. அவன் சரிப்படுவானா மாட்டானா என்பது என் பேச்சு இல்லை. ஒரே பையனை டிவி நிபுணர்கள் ஒரு தட்டிலும் அணிகள் நூறு இடம் தள்ளி இன்னொரு தட்டிலும் வைத்தார்கள். இரண்டு தரப்பும் பார்த்தது ஒரே வீடியோவைத்தான்.

எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடிக்காததும் ஒன்று உண்டு. இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதுப் பையன், எந்த ஊரில் வேலை செய்வது என்று அவனுக்குச் சொல்ல உரிமை இல்லை. எடுத்த அணிக்குத்தான் போக வேண்டும். 2004-ல் ஈலை மேனிங் 'சான் டியேகோவுக்கு ஆட மாட்டேன்' என்று அடம்பிடித்து நியூயார்க் போனார். அப்பா பெரிய ஆட்டக்காரர், அண்ணன் பெரிய ஆட்டக்காரர். அந்தத் தைரியம் எத்தனை பேருக்கு வரும்?

சரி, இந்தக் கிழவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். சனிக்கிழமை ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, அதற்குத்தான்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் ப்ளஸ் ஒன் அட்மிஷனுக்கு நாங்கள் மூன்று பேர் ஒரு மேஜையில் உட்காருவோம். பத்தாம் வகுப்பு மார்க்கை வரிசைப்படுத்தி, முதல் குரூப்புக்கு மேலிருந்து எண்ணிக்கொண்டு வந்து ஒரு கோடு போடுவோம். கோட்டைப் போட்டது பல ஆண்டுகள் என் கைதான், சிவப்பு மையில். ஒரு வருடம் கோட்டுக்கு உடனே கீழே ஒரு பையன். மேலே இருந்தவனைவிட மூன்று மார்க் குறைவு. அவன் அப்பா துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். "கணக்குன்னா உசிரு சார் இவனுக்கு" என்றார். "மார்க்கைத்தாங்க நாங்க பார்க்க முடியும்" என்றேன். ஐந்நூறுக்கு மூன்று மார்க்! அன்றைக்கு அவனுக்குத் தலைவலியாக இருந்திருக்கலாம், திருத்தியவருக்குத் தலைவலியாக இருந்திருக்கலாம். கணக்கு வாத்தியாரான எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனாலும் அந்த மூன்று மார்க்கை ஏதோ தராசில் நிறுத்ததைப் போலச் சொன்னேன். அவரும் நம்பினார், அதுதான் இப்போது உறுத்துகிறது. வேறு குரூப் எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்கள். அவன் பள்ளியில் சேரவே இல்லை.

டிராஃப்டில் யாரும் எடுக்காமல் விட்ட பையன்கள் எந்த அணியோடும் பேசிச் சேர்ந்துகொள்ளலாம். கர்ட் வார்னர் என்று ஒருவர். 1994-ல் யாரும் எடுக்கவில்லை. முகாமுக்குக் கூப்பிட்ட அணியும் திருப்பி அனுப்பியது. மளிகைக் கடையில் ராத்திரி வேலைக்குப் போய் அலமாரியில் சாமான் அடுக்கினார், சின்ன லீக்கில் ஆடினார், 2000 ஜனவரியில் சூப்பர் பௌல் வென்றார். 2022-ல் 262 பேரில் கடைசி ஆளாக எடுக்கப்பட்ட பிராக் பர்டியும் இரண்டே ஆண்டில் சூப்பர் பௌலில் அணியை நடத்தினார் (தோற்றார், அது வேறு விஷயம்). கோடு போடாமல் இருக்க முடியாது, இடம் அத்தனைதான், எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்கள் கோட்டுக்குக் கீழே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் போட்ட கோட்டில் கதவு இல்லை. காலாண்டுத் தேர்வு முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். அப்படிக் கேட்கலாம் என்று கூட எங்கள் மூவருக்கும் தோன்றவில்லை.

இன்று பள்ளிகளில் அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கும் என் மாணவர்கள் ஏழெட்டுப் பேர் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். கோட்டுக்கு மேலே ஐந்து பேர், கீழே ஐந்து பேர், அந்தப் பத்துப் பேரையாவது தனியாகக் கூப்பிட்டுப் பேசிப் பாருங்கள். அதற்குப் பிறகும் தெரியவில்லை என்றால் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். குலுக்கல் என்று அந்த அப்பாவிடமும் சொல்லுங்கள். தன் பிள்ளை மட்டம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக மாட்டார்.

அந்தப் பையனின் பெயர் எனக்கு மறந்துவிட்டது. 1993 அல்லது 94 ஆக இருக்க வேண்டும், ஹெட்மாஸ்டர் ரூம் பக்கத்தில் வேப்பமரம் விழுந்த வருடம். அந்த பேட்ச் பிள்ளைகள் யாராவது இருந்தால், பத்தாம் வகுப்பில் உங்களோடு படித்துவிட்டு ப்ளஸ் ஒன் சேராமல் போனவன் யார் என்று கீழே எழுதுங்கள். போன் நம்பர் இருந்தால் தனியாக அனுப்புங்கள், இங்கே பொதுவில் போட வேண்டாம்.