ஓய்வு வயதும் உழைக்கும் உடலும்

தமிழக அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள், பொதுத்துறை நிறுவன ஊழியர்கள் ஆகியோரின் ஓய்வு வயது 2020 மே மாதம் 58-இலிருந்து 59 ஆகவும், 2021 பிப்ரவரியில் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. கரோனாவால் அரசின் வருவாய் சரிந்திருந்த வேளையில், ஓய்வுக்காலப் பலன்களை மொத்தமாக வழங்க வேண்டிய சுமை இதனால் தள்ளிப்போனது. வேலைக்குக் காத்திருந்த இளைஞர்களைப் பற்றி அப்போது நிறையப் பேசினோம். பணியில் நீடித்தவர்களின் உடல்நிலை பற்றிப் பேசியது குறைவு.

ஆயுள்காலம் கூடிவிட்டதால் கூடுதலாக உழைக்கலாம் என்பது ஓய்வு வயது உயர்வுக்குச் சொல்லப்படும் பொதுவான வாதம். பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், சராசரிகளை நான் எச்சரிக்கையுடனே அணுகுவேன். பிரான்ஸில் மிக அதிக வருவாயுள்ள 5 சதவீத ஆண்கள், மிகக் குறைந்த வருவாயுள்ள 5 சதவீத ஆண்களைவிட 13 ஆண்டுகள் கூடுதலாக வாழ்கிறார்கள் என அந்நாட்டுப் புள்ளியியல் நிறுவனம் 2018-இல் தெரிவித்தது. ஓய்வு வயதை 62-இலிருந்து 64 ஆக உயர்த்தும் சட்டம் 2023-இல் அங்கு வந்தபோது எழுந்த எதிர்ப்பிலும், உடலுழைப்பாளர்களின் நிலையே முக்கிய வாதமாக ஒலித்தது.

60 வயதிலும் வகுப்பறை ஒரு பேராசிரியருக்கு உற்சாகம் தரக்கூடும். வருமானமும் அன்றாட ஒழுங்கும் சக மனிதர்களின் தோழமையும் உடல்நலத்துக்கு நல்லவையே. ஆனால், அரசுப் பேருந்து ஓட்டுநரின் முதுகுக்கும், இரவுப்பணி பார்க்கும் செவிலியரின் உறக்கத்துக்கும் இதே கணக்குப் பொருந்தாது.

விருப்ப ஓய்வு இருக்கிறதே என்பர். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் எஞ்சியிருக்க, முழு ஊதியத்தை விட்டு வெளியேற எத்தனை பேரால் முடியும்? வலியை மாத்திரையால் அடக்கிக்கொண்டு பணிக்கு வருவதே அவர்களுக்கு எஞ்சும் வழி.

பணிக்காலத்தில் உடற்குறை ஏற்பட்ட அரசு ஊழியரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது. அதே ஊதியத்தில் வேறு பணி வழங்க வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. நல்ல விதி. ஆனால், பாதிப்பு நிகழ்ந்த பிறகே அது துணைக்கு வருகிறது.

அந்தப் பாதுகாப்பு முன்கூட்டியே தொடங்க வேண்டும். கடினப் பணிகளில் இருப்போருக்கு 55 வயது முதல் ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை, தேவைப்படுவோருக்கு ஊதியக் குறைவின்றி இலகு பணி, அதற்கு வாய்ப்பில்லையெனில் 58 வயதில் முழுப் பலன்களுடன் ஓய்வு ஆகியவை உறுதிசெய்யப்பட வேண்டும். இதற்குச் செலவாகும் என்பது உண்மை. அச்செலவை அரசு ஏற்காவிட்டால், ஊழியரின் உடலும் அவர் குடும்பமும்தான் அதைச் சுமக்கின்றன.